ஊசி முனையில் வெளிச்சம் விழுதா?



தையல் யூனிட் வைத்திருக்கும் குழுக்களின் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் மூன்று பேச்சு அடிக்கடி காதில் விழும். "நேத்து கொடுத்த பீஸ்ல பாதி திரும்பி வந்துடுச்சு." "சாயங்காலம் ஆனா தலைவலி உசுரை வாங்குது." "அந்த அக்காவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியலை. மிஷின்ல இருந்து எடுத்துட்டுப் பிசிறு வெட்ட உட்கார வைக்கலாம்." கேட்கும்போது மூன்றும் வேறு வேறு குறை மாதிரித்தான் தெரியும். முதல் குறைக்குக் கவனக் குறைவு என்று காரணம் சொல்லுவோம். இரண்டாவதற்கு ரத்த சோகை என்போம். மூன்றாவதற்கு வயசு. ஆனால் பல யூனிட்டுகளில் மூன்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கும். ஊசி இறங்குகிற இடத்தில் போதிய வெளிச்சம் விழவில்லை.

மிஷின் வாங்கும்போது எவ்வளவு யோசிக்கிறோம்! எந்தக் கம்பெனி, எத்தனை வருட கியாரண்டி, மோட்டார் எப்படி, உதிரி பாகம் கிடைக்குமா என்று நாலு கடை ஏறி இறங்குவோம். விளக்கு விஷயத்தில் மட்டும் எலக்ட்ரீஷியன் கூரையில் ஒரு டியூப் லைட் மாட்டிவிட்டுப் போனால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். இது தப்புக் கணக்கு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு வாரம் நோட்டுப் போடுங்க. பிரித்துத் தைக்க வேண்டி வந்த ஒவ்வொரு பீஸையும் எந்த மிஷினில், எத்தனை மணிக்குத் தைத்தது என்று எழுதி வையுங்கள். தவறுகள் நாள் முழுக்கப் பரவி இருந்தால் காரணம் பயிற்சியோ, மிஷினோ, நூலோ. மாலை நாலு மணிக்கு மேல்தான் அதிகம் வருகிறது, மேகம் போட்ட நாளில் அதிகம் வருகிறது, ஜன்னலுக்குத் தூரமாக இருக்கிற மிஷினில்தான் அதிகம் வருகிறது என்றால் குற்றவாளி வெளிச்சம்தான். தைத்தவரைத் திட்டுவதில் பலன் இல்லை.

குழாயும் குடமும்

விளக்குக் கடையில் நாம் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். வாட்ஸ் என்பது விளக்கு தின்கிற கரண்ட். அது தருகிற வெளிச்சம் இல்லை. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் வெளிச்சம் தரும். வாங்குகிற கரண்டில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் வெளியே தள்ளும். இப்போது கிடைக்கும் எல்இடி விளக்கு 1 வாட்ஸுக்கு ஏறக்குறைய 100 லூமன் தருகிறது. அதாவது அந்த 60 வாட்ஸ் பல்பின் வேலையை 7 வாட்ஸ் விளக்கு செய்துவிடும். ஆகவே அட்டைப் பெட்டியில் லூமன் எவ்வளவு என்று பாருங்கள்.

லூமன் என்பது விளக்கில் இருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அதில் நம்ம துணிமேல் வந்து விழுவது எவ்வளவு என்பதற்கு லக்ஸ் என்று வேறு அளவு இருக்கிறது. குழாயில் கொட்டுகிற தண்ணீர் லூமன் என்றால், நம்ம குடத்தில் விழுகிற தண்ணீர் லக்ஸ். குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குடம் தள்ளி இருந்தால் என்ன பிரயோஜனம்?

உச்சி வெயிலில் வெட்டவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். மழை மேகம் கவிந்த பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். வீட்டுக்குள் ஒரு டியூப் லைட்டின் கீழே 100, 150 லக்ஸ்தான். நம்ம கண் இரண்டுக்கும் சமாளித்துக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை. "நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லிவிடுகிறோம். சமைக்க, பேச, கணக்கு எழுத அது போதும். தையல் வேலைக்கு ஐரோப்பியத் தரநிலை கேட்பது 750 லக்ஸ். தைத்த துணியைச் செக்கிங் செய்யும் இடத்துக்கு 1000 லக்ஸ். நம்ம யூனிட் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, 750 லக்ஸ் வேண்டுமென்றால் கூரையில் இன்னும் அஞ்சு டியூப் லைட் போட வேண்டுமா? வேண்டாம். வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. சின்ன விளக்கு ஒன்றைப் பாதித் தூரத்துக்குக் கிட்டே கொண்டுவந்தால் விழுகிற வெளிச்சம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு வந்தால் ஒன்பது மடங்கு. கூரையில் மேஜைக்கு 7 அடி உயரத்தில் தொங்கும் 20 வாட்ஸ் எல்இடி டியூப் நேர் கீழே சுமார் 150 லக்ஸ் தரும். ஊசியில் இருந்து ஓர் அடி தூரத்தில் வைத்த வெறும் 2 வாட்ஸ் எல்இடி விளக்கு சுமார் 700 லக்ஸ் தரும். பத்தில் ஒரு பங்கு கரண்ட், நாலு மடங்குக்கு மேல் வெளிச்சம். அதே விளக்கை இரண்டடிக்குத் தள்ளி வைத்தால் 175-க்கு இறங்கிவிடும். ஆக விளக்கின் பலத்தைவிட அது நிற்கிற இடம்தான் பெரிய விஷயம்.

நிழல் விழுகிற இடம்

கூரை விளக்கில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. பெரும்பாலான யூனிட்டுகளில் விளக்கு அறையின் நடுவில் இருக்கும். மிஷின்கள் சுவரை ஒட்டி இருக்கும். சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைக்கிறவருக்கு விளக்கு முதுகுக்குப் பின்னால் வருகிறது. அவர் தலை நிழலே ஊசிமேல் விழுகிறது. நிழலை விலக்கத் தலையைச் சாய்க்கிறார், இன்னும் குனிகிறார். குனியக் குனிய நிழலும் கூடவே வரும். கழுத்து வலியும் தோள்பட்டை வலியும் பாதி இப்படி வருவதுதான். அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கிறோம்.

இப்போதே ஒரு சோதனை செய்யலாம். வழக்கமாக உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து, ஊசி பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வையுங்கள். அதன்மேல் பென்சிலை நிறுத்துங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எத்தனை நிழல் விழுகிறது, உங்க தலையின் நிழல் காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தலை நிழல் தெரிந்தால் ஒன்று மிஷினைத் திருப்பிப் போடணும், இல்லையென்றால் மிஷினுக்குத் தனி விளக்கு வேணும்.

தையல் மிஷினில் ஊசி இடது கோடியில் இருக்கிறது. மிஷினின் கை வலது பக்கத்தில் இருந்து நீண்டு வந்து ஊசியைப் பிடித்திருக்கிறது. ஆகவே வலது பக்கத்தில் வைக்கிற விளக்கின் வெளிச்சத்தை மிஷினே மறைத்துவிடும். ஊசிக்கு இடது முன்பக்கத்தில் இருந்து, சற்று மேலிருந்து சாய்வாக வெளிச்சம் வந்தால் நல்லது. சாய்வாக விழும்போது தையல் பள்ளமும் மேடும் தெரியும், தையல் விட்டுப்போன இடம் உடனே கண்ணில் படும். செங்குத்தாக மேலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் கருப்புத் துணியில் கருப்பு நூல் காணாமல் போய்விடும். இடதுகைப் பழக்கம் உள்ள சகோதரிக்கும் இதே இடம்தான். மிஷின் மாறவில்லையே.

விளக்கு கண்ணுக்குத் தெரியக்கூடாது. பல்பு நேராகக் கண்ணில் அடித்தால் கண்மணி சுருங்கும். அப்புறம் துணி இன்னும் இருட்டாகத்தான் தெரியும். அதனால் விளக்குக்கு மூடி அவசியம். விளக்கைத் திருப்பி வைத்த பிறகு பக்கத்து மிஷினில் போய் உட்கார்ந்து பாருங்கள். உங்க விளக்கு அவங்க கண்ணில் குத்தினால் கொஞ்சம் சாய்க்கணும். பளபளப்பான ஊசித் தகட்டில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் இதே தொல்லைதான்.

அதற்காகக் கூரை விளக்கை அணைத்துவிடாதீர்கள். ஊசி இடத்தில் மட்டும் பளிச்சென்று, சுற்றிலும் இருட்டாக இருந்தால் கண் நிமிர்ந்தால் ஒரு மாதிரி, குனிந்தால் ஒரு மாதிரி என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிச் சமாளிக்கும். சீக்கிரம் களைத்துவிடும். பொது வெளிச்சமும் வேணும், தனி வெளிச்சமும் வேணும். பொது வெளிச்சத்தைக் காசு அதிகம் இல்லாமல் கூட்ட ஒரு வழி சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அடிப்பது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழுவதில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டத் திருப்பித் தரும். புகை படிந்த பச்சைச் சுவர் விழுங்கிவிடும்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு நிகர் எதுவும் இல்லை, காசும் இல்லை. மிஷினை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஜன்னல் இடது கைப் பக்கம் வருகிற மாதிரிப் போடுங்கள். வடக்கு ஜன்னல்தான் சிறந்தது, அதில் வெயில் வராது என்று புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அது குளிர் நாட்டுக் கணக்கு. நம்ம ஊரில் சித்திரையில் இருந்து ஆடி வரைக்கும் உச்சி வேளைச் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் போகும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் ஒரு மெல்லிய வெள்ளைத் திரை தேவைப்படும்.

தெரியாமல் சிமிட்டுகிற விளக்கு

தலைவலிக்கு வருவோம். நம்ம மின்சாரம் நொடிக்கு 50 தடவை திசை மாறி மாறி ஓடுகிறது. பழைய கனமான சோக் வைத்த டியூப் லைட் அதனால் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் நரம்புக்குத் தெரியும். 1989-ல் இங்கிலாந்தில் அலுவலகப் பணியாளர்களை வைத்து நடத்திய ஆய்வில், இப்படிச் சிமிட்டாத வகை டியூப் லைட்டுக்கு மாறியபோது தலைவலியும் கண்வலியும் சுமார் பாதியாகக் குறைந்தன.

"நாங்க எல்இடிக்கு மாறிட்டோம், எங்களுக்கு அந்தக் கவலை இல்லை" என்று நினைக்க வேண்டாம். மட்டமான எல்இடி விளக்கு பழைய டியூப் லைட்டைவிட மோசமாகச் சிமிட்டும். உள்ளே இருக்கிற டிரைவர் என்ற சின்ன எலக்ட்ரானிக் பகுதியில்தான் கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிப்பார்கள். வாங்கும் முன் கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சியை எடுத்து, எரிகிற விளக்குக்கு முன்னால் விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். குச்சி ஒரே கலங்கலாகத் தெரிந்தால் விளக்கு நல்லது. தனித்தனியாகப் பத்துக் குச்சி நிற்கிற மாதிரித் தெரிந்தால் அந்த விளக்கு சிமிட்டுகிறது, வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். செல்போன் கேமராவை விளக்குக்குக் கிட்டே பிடித்துத் திரையில் பார்த்தாலும் கருப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

சிமிட்டலில் தலைவலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சுற்றுகிற சக்கரம் நின்றுவிட்ட மாதிரித் தோன்றும். நான்கு ஆரக்கால் உள்ள ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் ஓர் இடத்தை 100 ஆரக்கால் கடக்கும். விளக்கும் நொடிக்கு 100 தடவை பிரகாசிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் ஓர் ஆரக்கால் நிற்கும். பார்க்கிறவருக்குச் சக்கரம் அசையவே இல்லை. வேகம் 1440-க்கு இறங்கினால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுகிற மாதிரித் தெரியும். தையல் மிஷினின் சக்கரத்தில் கைக்கு எட்டுகிற ஆபத்துக் கொஞ்சம். ஆனால் மாவு மில், மிளகாய் மில், நார் பிரிக்கும் மிஷின், வெட்டும் மிஷின் வைத்திருக்கிற குழுக்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மிஷின் சத்தமும், பக்கத்து மிஷின் சத்தமும் சேர்ந்து ஓடுகிறதா நின்றதா என்று காதுக்கும் தெரியாத இடத்தில், கண்ணும் ஏமாற்றினால் கை உள்ளே போய்விடும். அந்த இடங்களில் சோக் வைத்த பழைய டியூப் லைட்டை இன்னும் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எப்படியும் அந்த டியூப்களுக்குள் பாதரசம் இருக்கிறது. 2027 முடிவதற்குள் அவற்றின் உற்பத்தியை நிறுத்துவது என்று மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-ல் முடிவு செய்திருக்கின்றன.

மில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. பறக்கும் மாவுத் தூசி தீப்பற்றக் கூடியது. அங்கே திறந்த பல்பு, சூடாகிற பல்பு, தளர்ந்த ஹோல்டர் எதுவும் இருக்கக் கூடாது. தூசி புகாதபடி முழுக்க மூடிய விளக்குதான் சரி. ஐபி 65 என்று போட்டிருக்கும்.

நிறம் ஏமாற்றுவது

பட்டுப் புடவைக் கடையில் புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறோமே, ஏன்? கடைக்குள் தெரிகிற நிறம் வேறு, வெளியே தெரிகிற நிறம் வேறு என்பது நமக்கு நல்லாத் தெரியும். தைக்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது. கருநீலத் துணிக்குக் கருப்பு நூலைப் போட்டுத் தைத்துவிட்டுக் காலையில் பார்த்துத் தலையில் கை வைக்கிறோம். மெரூன் பாவாடைக்கு எடுத்த நூல் பகலில் பழுப்பாகத் தெரிகிறது. மலிவான எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தில் சிவப்புப் பங்கு குறைவு. அதனால் மெரூன், குங்குமச் சிவப்பு, அரக்கு எல்லாம் செத்துத் தெரியும்.

இதற்குப் பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். சூரிய வெளிச்சத்தை 100 என்று வைத்து, இந்த விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மார்க் அது. 80-க்குக் குறைந்தால் தையலுக்கு வேண்டாம். நூல் நிறம் சேர்க்கிற மேஜைக்கும் செக்கிங் மேஜைக்கும் 90 இருந்தால் நல்லது. அந்த எண்ணே போடாத விளக்கை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். கெல்வின் என்று இன்னொரு எண் இருக்கும். 2700 என்றால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. தையலுக்கு 4000 முதல் 6500 வரை எது கண்ணுக்கு இதமோ அதை எடுக்கலாம். ஆனால் யூனிட்டில் எல்லா விளக்கும் ஒரே எண்ணில் இருக்கட்டும். ஒரு மிஷினில் மஞ்சள், அடுத்ததில் நீலம் என்றால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும், சண்டைதான் வரும். என்ன விளக்கு போட்டாலும், பெரிய ஆர்டருக்கு நூல் எடுக்கும்போது பகலில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

வயசா, விளக்கா?

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். கண்ணுக்குள் வெளிச்சம் போகிற வழி வயசாக ஆகக் குறுகுகிறது. கண்மணி முன்போல விரியாது, உள்ளே இருக்கும் லென்ஸ் பழுப்பேறும். 20 வயசுக்காரியின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேரும். அப்படியென்றால் 22 வயசுப் பெண் "இந்த வெளிச்சம் போதுமே" என்று சொல்வதும் உண்மை, 50 வயசு அக்கா "எனக்குத் தெரியலை" என்று சொல்வதும் உண்மை. இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் ஒரே வெளிச்சத்தில் இல்லை.

அதோடு 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவது. வெள்ளெழுத்து, சாளேஸ்வரம் என்று நம்ம பாட்டிமார் சொன்னதுதான். நோய் இல்லை. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை வைத்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் பறித்த இலையின் அளவு, கொடுக்கப்படாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிக்கிற வேலைக்கே இப்படி என்றால் ஊசியில் நூல் கோக்கிற வேலைக்கு எப்படி இருக்கும்!

ஆகவே ஒருவரை மிஷினில் இருந்து எடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, கண் பரிசோதனை. முகாமுக்குப் போகும்போது நீங்கள் தைக்கிற தூரத்தை, கண்ணில் இருந்து ஊசி வரைக்கும், ஒரு நூலால் அளந்து வெட்டி எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். புத்தகம் படிக்கிற தூரத்துக்குக் கொடுத்த கண்ணாடி தைக்கிற தூரத்துக்குச் சரியாக இல்லாமல் போகலாம். இரண்டு, அவர் மிஷினில் ஒரு தனி விளக்கு. இரண்டும் செய்த பிறகும் முடியவில்லை என்றால் வேறு வேலை பேசலாம். பிசிறு வெட்டுகிறவருக்கும் தைக்கிறவருக்கும் கூலி எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? இருபது வருசம் தைத்த கையை, சில நூறு ரூபாய் விளக்கு வாங்காததால் பிசிறு வெட்ட அனுப்பியிருக்கிறோம்.

வாங்கும்போது

மிஷின் விளக்கு என்று கேட்டால் தையல் மிஷின் உதிரி பாகம் விற்கிற கடையிலேயே கிடைக்கும். வளைகிற கழுத்தும் அடியில் காந்தமும் வைத்து வருகிறது. பழைய கருப்பு மிஷின் தலை வார்ப்பு இரும்பு, காந்தம் கப்பென்று பிடிக்கும். சில புது மிஷின்களின் தலை அலுமினியம், ஒட்டவே ஒட்டாது. கடைக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு காந்தத்தை உங்க மிஷினில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் திருகு வைத்து மேஜையில் இறுக்குகிற வகையைக் கேளுங்கள். வேகமாக ஓடுகிற பவர் மிஷின் அதிர்வில் காந்தம் நகர்ந்து நகர்ந்து கீழே வரும். அதற்கும் திருகு வகைதான் நல்லது. கழுத்து வைத்த இடத்தில் நிற்கணும். கடையிலேயே வளைத்து விட்டுப் பாருங்கள், தலை மெல்லத் தொங்கினால் வேண்டாம்.

வயர் விஷயத்தில் கறாராக இருங்கள். மிஷின் இரும்பு, நம்ம கை வேர்வை, பக்கத்தில் எண்ணெய். 230 வோல்ட் வயர் ஊசி வரைக்கும் வந்து, உரசி உரசித் தோல் உரிந்தால் மிஷின் முழுக்க ஷாக் அடிக்கும். அதனால் அடாப்டர் வழியாக 5 வோல்ட் அல்லது 12 வோல்ட்டில் எரிகிற விளக்கை வாங்குங்கள். 5 வோல்ட் வகைக்கு இன்னொரு லாபம், கரண்ட் போனாலும் பவர் பேங்க்கில் எரியும். மிதி மிஷின் வைத்திருப்பவர்கள் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. 230 வோல்ட் விளக்குதான் இருக்கிறது என்றால் மூன்று பின் பிளக், எர்த் இரண்டும் கட்டாயம். வயரைப் பெல்ட் பக்கமும் சக்கரம் பக்கமும் விடாமல் மேஜைக்கு அடியில் கட்டிவிடுங்கள்.

ஓவர்லாக் மிஷினில் நூல் கோக்கிற வேலை பெரும்பாலும் கீழே, மூடிக்கு உள்ளே நடக்கிறது. மேலே மாட்டிய விளக்கு அங்கே எட்டாது. கழுத்து நீளமான விளக்காக வாங்கினால் கோக்கும்போது கீழே வளைத்துக்கொள்ளலாம். வெட்டும் மேஜைக்கு ஒரு பக்க விளக்கு சரிவராது, கை நிழல் கோட்டின்மேல் விழும். மேஜையின் நீளவாக்கில் இரண்டு பக்கமும் டியூப் வருகிற மாதிரிக் கொஞ்சம் தாழ்வாகத் தொங்கவிடுங்கள்.

கரண்ட் செலவைக் கேட்பார்கள். 3 வாட்ஸ் விளக்கு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் முக்கால் யூனிட்டுகூட இல்லை. பத்து மிஷினுக்கும் சேர்த்து 6 யூனிட். சோக்கோடு 50 வாட்ஸ் இழுக்கிற ஒரே ஒரு பழைய டியூப் லைட் அதே நேரத்தில் 10 யூனிட் தின்னும். எல்இடி சூட்டையும் குறைக்கும். பெங்களூரு பக்கத்து ஆயத்த ஆடை ஆலைகளில் ஃப்ளோரசன்ட் விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டபோது தையல் தளத்தின் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் குறைந்தது, கடும் வெயில் நாட்களில் உற்பத்தி விழுவது பெருமளவு நின்றது என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. தகரக் கூரைக்கு அடியில் தைக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த கேள்வி, விளக்குக்கு யார் காசு போடுவது? "மிஷின்ல உட்கார்றவங்க அவங்கவங்க வாங்கிக்கட்டும்" என்று சில இடத்தில் பேசுவார்கள். என் கருத்து, அது குழுவின் பொதுச் செலவு. ஊசியும் எண்ணெயும் பொதுச் செலவில் வரும்போது விளக்கு மட்டும் ஏன் வராது? பீஸ் திரும்பி வந்தால் நஷ்டம் எல்லோருக்கும்தானே. அவரவர் வாங்கினால் காசு இருக்கிறவர் மிஷினில் வெளிச்சம், இல்லாதவர் மிஷினில் இருட்டு என்று ஆகிவிடும். கூட்டத்தில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பில்லோடு வாங்குங்கள்.

ஒரேயடியாகப் பத்து வாங்க வேண்டாம். முதலில் ஒன்று வாங்குங்கள். யூனிட்டில் வயசில் மூத்த சகோதரியின் மிஷினில் மாட்டுங்கள். முதலில் சொன்ன அந்த நோட்டை இன்னும் ஒரு வாரம் போடுங்கள். விளக்கு எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருந்தால் வசதி என்று அவங்களையே முடிவு பண்ணச் சொல்லுங்கள். இரண்டு வாரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதிக்கு ஆர்டர் கொடுக்கலாம். மாட்டிய பிறகு வாரம் ஒரு தடவை, சுவிட்சை அணைத்து, உலர்ந்த துணியால் விளக்கின் முகத்தைத் துடைத்துவிடுங்கள். பஞ்சுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து படிந்தால் இரண்டு மூன்று மாதத்தில் வெளிச்சம் மங்கிவிடும். விளக்கு கெட்டுப்போச்சு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.